தாயின் மொழியை மறந்து திரும்பிய பிள்ளைகள்



ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நாம் எல்லோரும் காண்கிற காட்சி ஒன்று உண்டு. அம்மம்மா தமிழில் கேட்பார். பேரப்பிள்ளை டேனிஷில் பதில் சொல்லும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. அம்மாவோ அப்பாவோ நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்கள். பிராண்டேயில் வளர்கிற நமக்கு இது பழகிப்போன விஷயம். அப்படி மொழிபெயர்க்க ஒருவர்கூட இல்லாமல், பெற்ற தாயின் முன் ஒரு பிள்ளை வாயடைத்து நின்றால் எப்படி இருக்கும்?

இது கற்பனை அல்ல. நாம் வாழ்கிற இந்த டென்மார்க் இராச்சியத்தில் நடந்தது. கிறீன்லாந்தின் இனுயிட் பிள்ளைகளைப் பற்றிய இந்த வரலாறு நமக்கு வேறு யாரோ ஒரு இனத்தின் கதைபோலத் தோன்றலாம். ஆனால் நமது திருச்சபையும் அவர்களுடைய திருச்சபையும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரே அரசன், இரண்டு கடற்கரைகள்

1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்பதை ஞாயிறு பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசன் நான்காம் பிரெடெரிக். அதே அரசனின் ஆட்சியில், 1721 ஜூலையில், ஹான்ஸ் எகெட என்ற நோர்வே நாட்டுக் குருவானவர் தன் மனைவி கெர்ட்ரூட் றாஸ்குடனும் பிள்ளைகளுடனும் கிறீன்லாந்துக் கரையில் இறங்கினார். 1714இல் கொப்பன்ஹேகனில் அரசன் நிறுவிய மிஷன் சங்கமே தரங்கம்பாடிப் பணியையும் கிறீன்லாந்துப் பணியையும் கவனித்தது. வெயில் சுடும் சோழமண்டலக் கரைக்கும் பனி உறைந்த வடகடல் கரைக்கும் ஒரே மேசையிலிருந்து கடிதங்கள் போயின.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழ் கற்றது எப்படி? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். கிறீன்லாந்தில் என்ன நடந்தது? பெரியவரான எகெட அந்த மொழியோடு திண்டாடினார். ஆனால் அவருடைய மகன்மார் இனுயிட் பிள்ளைகளோடு விளையாடி விளையாடியே மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். தகப்பனுக்கு அவர்களே உதவினார்கள். அந்த மகன்மாரில் ஒருவரான போல் எகெட பிற்காலத்தில் புதிய ஏற்பாட்டை இனுயிட் மொழியில் முடித்து, 1766இல் அது வெளிவந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது 1715இல். ஆக, இரண்டு மக்களுக்கும் வேதம் அவரவர் தாய்மொழியில் கிடைத்ததற்குப் பின்னால் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்தவர்கள் பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்து கற்றார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

எல்லாம் நன்மையாகவே நடந்தது என்று சொல்லவில்லை. 1733இல் டென்மார்க்கிலிருந்து திரும்பிய ஒருவரோடு பெரியம்மை கிறீன்லாந்துக்குப் போய், பெருந்தொகையான மக்களைக் கொன்றது. நோயாளிகளைத் தன் வீட்டில் வைத்துப் பராமரித்த கெர்ட்ரூட் றாஸ்க் 1735இல் இறந்தார். மிஷனோடு வியாபாரமும் குடியேற்ற ஆட்சியும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் இனுயிட் மக்களின் மொழி ஆலயத்திலும் பள்ளியிலும் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1841இல் ‘உதயதாரகை’ தொடங்கியதுபோல, 1861இல் அவர்களும் தங்கள் மொழியில் செய்தித்தாள் தொடங்கினார்கள்.

1951: நல்ல நோக்கத்தோடு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிறீன்லாந்தை விரைவாக முன்னேற்றவேண்டும் என்று கொப்பன்ஹேகனில் தீர்மானித்தார்கள். காசநோய் பரவியிருந்தது, வீடுகள் மோசமாக இருந்தன. அவற்றைச் சரிசெய்ய நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் அதோடு இன்னொரு எண்ணமும் சேர்ந்துகொண்டது. சில கெட்டிக்காரப் பிள்ளைகளை எடுத்து டென்மார்க்கில் டேனிஷ் பிள்ளைகளாக வளர்த்துத் திருப்பி அனுப்பினால், புதிய கிறீன்லாந்துக்கு அவர்கள் முன்மாதிரியாவார்கள் என்பதே அந்த எண்ணம்.

பொருத்தமான பிள்ளைகளைத் தெரிந்துதரும்படி கிறீன்லாந்திலுள்ள குருமாரிடமும் தலைமை ஆசிரியர்களிடமும் கேட்கப்பட்டது. ஆம், குருமாரிடம். இதை நாம் மறைக்கக்கூடாது. ஊர் மக்கள் நம்பியது அவர்களைத்தான். முதலில் அநாதைப் பிள்ளைகள் என்றே பேச்சு இருந்தது. போதிய பேர் கிடைக்காததால் தாயோ தகப்பனோ இருக்கிற பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். 1951 மே மாதம், இன்று நூக் என்று அழைக்கப்படும் நகரிலிருந்து ‘டிஸ்கோ’ என்ற கப்பல் 22 பிள்ளைகளோடு புறப்பட்டது. அந்த நகருக்கு அப்போதைய டேனிஷ் பெயர் கோட்ஹோப். ‘நல்ல நம்பிக்கை’ என்று பொருள். அதைத் தொடங்கியவர் எகெட.

அந்த 22 பேரில் ஒருவர் ஹெலென தீசென். அப்போது ஏழு வயது. தாய் விதவை, மூன்று பிள்ளைகள். டேனிஷ்காரர் வீட்டுக்கு வந்து, மகளுக்கு நல்ல கல்வியும் நல்ல வாழ்க்கையும் கிடைக்கும் என்று சொன்னார்கள். தாய் சம்மதித்தார். அந்தச் சம்மதத்தை இன்று எப்படி எடைபோடுவது? வறுமையில் இருக்கிற விதவையிடம், அதிகாரமும் மதிப்பும் உள்ளவர்கள் வந்து கேட்கும்போது, ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது நம் அம்மம்மாமாருக்குத் தெரியும்.

டென்மார்க்கில் அவர்கள் முதலில் சீலாந்தின் தெற்கே ஃபெடெட் என்ற இடத்தில் ஒரு விடுமுறை முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். சிறுவர் நல அமைப்பான ‘றெட் பார்னெட்’ அதை நடத்தியது. இங்கிரிட் மகாராணியும் வந்து பார்த்தார், படங்களும் எடுக்கப்பட்டன. பின்னர் பிள்ளைகள் டேனிஷ் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். உணவு இருந்தது, உடை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. இல்லாதது இரண்டு: தாயின் முகமும் தாயின் மொழியும்.

1952: துறைமுகத்தில்

அடுத்த ஆண்டு 16 பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மற்ற ஆறு பேர் டென்மார்க்கிலேயே தத்தெடுக்கப்பட்டார்கள். துறைமுகத்தில் தாயைக் கண்டதும் ஹெலென ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, கண்டதையெல்லாம் கொட்டினார். தாய் ஏதோ பதில் சொன்னார். ஒரு சொல்கூட ஹெலெனவுக்குப் புரியவில்லை. அவர் பேசியது டேனிஷ். தாய் பேசியது இனுயிட் மொழி. ஓராண்டில் தாய்க்கும் மகளுக்கும் நடுவிலிருந்த பாலம் உடைந்துபோயிருந்தது.

அதைவிடக் கொடுமை அதன்பின் வந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. அதே நகரில் டேனிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கட்டியிருந்த சிறுவர் இல்லத்தில் வைக்கப்பட்டார்கள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் வீட்டில் வாழ முடியவில்லை. அங்கே பேசவேண்டியது டேனிஷ் மட்டும். கற்றதை மறந்து ‘பழைய நிலைக்கு’ப் போய்விடுவார்கள் என்ற பயம்.

அவர்கள் முன்மாதிரிகளாகவில்லை. இரண்டு பக்கமும் சேராதவர்களாக வளர்ந்தார்கள். பலர் மனநோயிலும் குடியிலும் விழுந்தார்கள். இளவயதிலேயே இறந்தவர்களும் உண்டு. ஏன் தன்னை அனுப்பினார்கள் என்ற கேள்வியோடு வாழ்ந்த ஹெலென, தான் ஒரு பரிசோதனையின் பகுதியாக இருந்ததை 1996இல் தான் அறிந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பழைய ஆவணங்களில் அதைக் கண்டெடுத்துச் சொன்னவர் டேனிஷ் எழுத்தாளர் தீன ப்ரூல்ட். ஹெலென பின்னர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

2020 டிசம்பரில் டென்மார்க் பிரதமர் மெத்த ஃபிறெடெரிக்சன் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். 2022 மார்ச்சில், உயிரோடு மீந்திருந்த ஆறு பேரின் முகத்துக்கு நேரே நின்று மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் 250,000 குரோனர் இழப்பீடு வழங்கப்பட்டது. 22 பேரில் ஆறு பேர். 71 ஆண்டுகளுக்குப் பின்.

பிறந்த மண்ணுக்கு வெளியே

இது பழைய கதை, முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். 1953இல் கிறீன்லாந்து குடியேற்ற நாடு என்ற நிலை மாறி டென்மார்க்கின் ஒரு பகுதியாக்கப்பட்டது. 1979இல் உள்ளாட்சியும் 2009இல் சுயாட்சியும் கிடைத்தன. இன்று கிறீன்லாந்தில் வாழ்பவர்கள் சுமார் 57,000 பேர். இங்கே டென்மார்க்கில் பல்லாயிரம் கிறீன்லாந்தர் வாழ்கிறார்கள். படிப்பு, வேலை, மருத்துவம், திருமணம் என்று வந்தவர்கள்.

அவர்கள் டேனிஷ் குடிமக்கள். இது நன்மைபோலத் தோன்றும். ஆனால் அகதிகளாக வந்த நமது பெற்றோருக்குக் கிடைத்த அறிமுக உதவி குடிமக்களுக்கு இல்லை. ‘நீங்கள்தான் டேனிஷ்காரராயிற்றே!’ என்பதே பதில். கொப்பன்ஹேகன், ஓகூஸ், ஓடென்ச, ஓல்போர்க் ஆகிய நகரங்களில் உள்ள கிறீன்லாந்து இல்லங்களே பலருக்குக் கைகொடுக்கின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். டேனிஷ் பின்னணியுள்ள நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவர் வீட்டுக்கு வெளியே, வளர்ப்புக் குடும்பத்திலோ இல்லத்திலோ வைக்கப்பட்டிருக்கிறார். டென்மார்க்கில் வாழும் கிறீன்லாந்துப் பின்னணியுள்ள பிள்ளைகளில் இது நூற்றுக்கு 5.6 என்று கணக்கிடப்பட்டது. ஐந்து மடங்குக்கும் மேல்.

இதில் குடியும் வன்முறையும் வறுமையும் காரணங்களாக இருக்கிற வீடுகள் உண்டு. ஆபத்தில் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றுவது அரசின் கடமை. அதை நாம் மறுக்கக்கூடாது. ஆனால் எது ஆபத்து என்று அளந்த கோல் சரியானதா? பெற்றோரின் தகுதியை அறிய கொமூன்கள் பயன்படுத்திய உளவியல் சோதனைகள் மேற்கத்தியச் சூழலில், அங்குள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்டவை. கிறீன்லாந்தர் புருவத்தை உயர்த்தினால் ‘ஆம்’. மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. வாயால் ஒரு சொல்லும் தேவையில்லை. இதை அறியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, தாய் பதில் சொல்லவில்லை, முகத்தில் உணர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டால்? அன்னை தெரேசா யார் என்பதுபோன்ற பொது அறிவுக் கேள்விகள்கூடத் தங்களிடம் கேட்கப்பட்டதாகச் சில தாய்மார் செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பதில் தெரியாத தாய் தன் பிள்ளையை நேசிக்கமாட்டாளா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நமது பாட்டிமாரை அப்படி ஒரு மேசைக்கு முன் உட்காரவைத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

மனித உரிமை நிறுவனம் 2022இல் இச்சோதனைகளைக் கண்டித்தது. கிறீன்லாந்தர் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார்கள். 2025 மே மாதம் முதல், கிறீன்லாந்துப் பின்னணியுள்ள குடும்பங்களுக்கு இச்சோதனைகளைப் பயன்படுத்துவது சட்டத்தால் நிறுத்தப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அதற்குமுன் பிரிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு வீடு திரும்பும் வழி இன்னும் திறக்கவில்லை.

டென்மார்க் மட்டும் இதில் குற்றவாளி அல்ல. கனடாவில் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பதினான்கு வயதும் அதற்குட்பட்டவர்களுமான பிள்ளைகளில் பூர்வகுடியினர் நூற்றுக்கு 7.7 பேர், வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளிலோ நூற்றுக்கு 53.8 பேர். அதற்கு முந்தைய தலைமுறைகளில் பிள்ளைகளைப் பிரித்துவைத்த உறைவிடப் பள்ளிகளை நடத்தியவை பெரும்பாலும் திருச்சபைகள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, நம்மைப்போன்ற புரட்டஸ்தாந்தரும்தான். அவுஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே 2008இல் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார்.

நமது வீட்டிலும் நடந்தது

பிரிக்கப்பட்ட குடும்பம் என்றால் என்ன என்பது டென்மார்க்கில் வாழும் தமிழருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. எண்பதுகளில் இங்கே வந்த நமது தகப்பன்மார் பலர் மனைவியையும் பிள்ளைகளையும் போர் நடந்த மண்ணில் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவாக இருந்தது. ஆனால் 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழரின் விண்ணப்பங்களைக் கவனிக்காமல் ஒதுக்கிவைக்கச் செய்தார். சட்டம் ஒன்று சொன்னது; அலுவலக மேசை வேறொன்று செய்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் காரணம் தெரியாமல் காத்திருந்தன.

உண்மை வெளிவந்தபோது டென்மார்க்கே அதிர்ந்தது. விசாரணை அறிக்கை வந்த 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூத்தர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சன் குற்றவாளி என அரசியல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. ‘தமிழர் வழக்கு’ என்ற பெயரில் இன்றும் டேனிஷ் பாடசாலைகளில் இதைப் படிக்கிறார்கள். உங்களில் சிலர் வகுப்பில் இதைக் கேட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விசாரித்திருக்கலாம்.

நமக்காக அன்று பேசியவர்கள் யார்? பெரும்பாலும் நம்மை முன்பின் அறியாத டேனிஷ் மக்கள்: வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள். அவர்கள் பேசாதிருந்தால் நம்மில் சிலருடைய அம்மாவும் அண்ணாவும் இங்கே வந்து சேர்ந்திருக்கமாட்டார்கள்.

மணலில் உட்காருவோம்

வேதத்தில் மோசேயின் பிள்ளைப்பருவத்தை நினைத்துப் பாருங்கள். அவன் அரண்மனையில் வளரவேண்டியவன். ஆனாலும் தேவன் அவனுக்குப் பால்கொடுக்கத் தேடிக் கொண்டுவந்தது அவனுடைய சொந்தத் தாயைத்தான். நாணலுக்குள் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்காதான் அதற்கு வழி செய்தாள். தான் எபிரெயன் என்பதை மோசே மறக்காமலிருந்ததற்குக் காரணம் அந்தத் தாயின் மடியிலிருந்த சில ஆண்டுகள். சாலொமோன் ராஜா இரண்டு தாய்மாரின் வழக்கைத் தீர்த்ததும் தெரியும். அவர் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. எவளுடைய உள்ளம் பிள்ளைக்காகத் துடித்தது என்று பார்த்தார்.

1951இல் அந்தத் திட்டத்தைத் தீட்டியவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறோம் என்றே நம்பினார்கள். அதுதான் நம்மைப் பயமுறுத்தவேண்டும். நல்ல நோக்கம் மட்டும் போதாது. யாருக்கு நன்மை செய்கிறோமோ அவர்களுடைய வாயிலிருந்து கேட்கவேண்டும். சீகன்பால்க் மணலில் உட்கார்ந்து செய்தது அதைத்தான். எகெடவின் மகன்மார் பனியில் விளையாடிச் செய்ததும் அதைத்தான். அவர்கள் பிள்ளைகளிடம் கற்க வந்தார்கள். 1951இல் பிள்ளைகளைக் கற்பிக்கவென்று எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.

நாம் செய்யக்கூடியவை சிறியவைதான். உங்கள் வகுப்பிலோ வேலையிடத்திலோ கிறீன்லாந்தர் ஒருவர் இருந்தால், குடியைப் பற்றிய பகிடிகளுக்குச் சேர்ந்து சிரிக்காதீர்கள். நம்மைப் பற்றியும் அப்படிப் பகிடிகள் உண்டு. அவர்களுடைய மொழியில் ‘நன்றி’க்கு என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள், ‘குயனாக்’ என்பார்கள். நம் சபையில் தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரையும், கொமூனிலிருந்து கடிதம் வந்தாலே நடுங்குகிற பெற்றோரையும் தனியே விடாமல், டேனிஷ் நன்றாகத் தெரிந்த நீங்கள் கூடப் போங்கள். மற்றவர் வீட்டுப் பிள்ளைவளர்ப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் ஒருநாள் அந்த வீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. ஹெலென தன் தாயின் மொழியை ஓராண்டில் இழந்தார். அவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அப்படியிருக்க நாமே அதைக் கைநழுவ விடலாமா? அடுத்த ஞாயிறு தேநீர் நேரத்தில், அம்மாவைக் கூப்பிடாமல், தெரிந்த தமிழிலேயே அம்மம்மாவுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். பிழை வந்தால் அவர் திருத்துவார்.

வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாட:

1. பிள்ளைகளைத் தெரிந்துதரும்படி கேட்கப்பட்ட குருமாரின் இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

2. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்கும் ஒரு குடும்பத்தை உடைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எப்படி அறிவது?

3. உங்கள் குடும்பம் டென்மார்க்கில் ஒன்றுசேர எத்தனை ஆண்டுகள் காத்திருந்தது? இந்த வாரம் வீட்டில் கேட்டு வாருங்கள்.

ஜெபம்: பிள்ளைகளை அருகில் சேர்த்து ஆசீர்வதித்த ஆண்டவரே, தாயைப் பிரிந்த பிள்ளைகளையும் பிள்ளையைப் பிரிந்த தாய்மாரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். நன்மை செய்கிறோம் என்று எண்ணித் தீமை செய்யாதபடி எங்களைக் காத்தருளும். கேட்கும் செவியையும், தரையில் உட்காரும் தாழ்மையையும் தாரும். ஆமென்.